சோதித்தபோதெல்லாம் ஊதிய சைரன்

அத்தியாயம் 9

மேலகரம் தாண்டி, ஏறவும் ஆளில்லாத இறங்கவும் ஆளில்லாத வயற்காட்டுக்கு நடுவில், குற்றாலம் போகும் டவுன் பஸ் திடுக்கென்று நின்றது. நிறுத்தியவன் பேச்சிமுத்து.

கண்டக்டர் தாணு, டிக்கெட் கட்டுக்கு ரப்பர் பேண்டு மாட்டுவதற்காக ஒரு நிமிஷம் விசிலை ஸீட்டின் மேல் வைத்திருந்தார். அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பேச்சிமுத்து, உள்ளே உருண்டை இருக்கிறதா என்று அறிய வாயில் வைத்து லேசாக ஊதினான். ஒரே ஒரு விசில். டிரைவர் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்துவிட்டார்.

"யாருவே ஊதினது?" என்றார் தாணு.

"விசிலு வேலை செய்யுதான்னு பாத்தேன் அண்ணாச்சி."

"செய்யுதுல்லா. பஸ்ஸே நின்னுட்டு. இப்ப திருப்தியா?"

பேச்சிமுத்து விசிலைச் சட்டையில் துடைத்து நீட்டினான். தாணு கையை நீட்டவில்லை.

"எச்சி பண்ணியாச்சு. இனி அதை நான் வாயில வைப்பனா? நீரே வச்சுக்கிடும். பையில இன்னொண்ணு கெடக்கு."

பையிலிருந்து வேறொரு விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். பஸ் கிளம்பியது. பேச்சிமுத்து தனக்குக் கிடைத்த பரிசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து இளித்தான்.

பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. ஹரிஹரசுப்பிரமணியன் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. இப்போது தென்காசியில் தனியாகத் துப்பறிகிறார். பேச்சிமுத்து அவருக்கு உதவியாள். அறுபதைத் தாண்டிய வயதிலும் பஸ் ஸீட்டில் முதுகைச் சாய்க்காமல் உட்காரும் மனிதர். மாசி வீதியில் அவர்கள் குடும்பத்துக்கு நிலமோ நகையோ பெரிதாகக் கிடையாது. கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அவருடைய அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் முன்சீப் கோர்ட்டில் அதற்கு மேல் சாட்சி கேட்கமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

அதே மதிப்புள்ள மகனின் கையெழுத்துக்காக ஒரு காகிதம் இப்போது ஹரிஹரசுப்பிரமணியனின் பையில் காத்திருந்தது.

"இன்னொரு தரம் படிக்கட்டா சார்?" என்றான் பேச்சிமுத்து.

"படி. குரலைத் தாழ்த்திப் படி."

அது டைப் அடித்த வாக்குமூலம். அடித்தது அவருடைய தம்பி சுப்புராமன். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டுக்கு மேலே, ஒரு தனியார் எஸ்டேட்டுக்குள் இரட்டைப்பாறை அருவி என்று ஒன்று இருக்கிறது. சீசனில் டிக்கெட் வாங்கிக்கொண்டு குளிக்க விடுவார்கள். அருவிக்கு மேலே, இரண்டு பர்லாங் தூரத்தில் ஓடையில் ஒரு மிதவை. மலையில் மழை கொட்டித் தண்ணீர் ஏறினால் மிதவை உயரும். கம்பி வழியாகச் செய்தி கீழே வரும். கீழே காவல் அறையில் இருக்கும் பெட்டி சிவப்பு விளக்கை எரியவிட்டு சைரனை ஊத வேண்டும். வெள்ளம் அருவிக்கு வந்து சேர மூன்று நிமிஷம். குளிப்பவர்கள் ஓடித் தப்பிக்க அந்த மூன்று நிமிஷம்தான் கணக்கு.

பெட்டியைச் செய்தது சுப்புராமனின் கம்பெனி. அதற்குப் புரோகிராம் எழுதியது சுப்புராமனின் மகள் வேதா. கிண்டியில் படித்துத் திரும்பிய பெண். ஹரிஹரசுப்பிரமணியன் பெருமையை வெளியே காட்டாத மனிதர். ஆனால் அவள் பட்டம் வாங்கிய போட்டோ அவர் வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளம் வந்தது. சைரன் ஊதவில்லை. ஆய்க்குடியிலிருந்து வந்த தங்கபுஷ்பம் என்ற பெண் பாறையில் மோதி இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அதிர்ச்சியில் இன்னும் பேச்சு வரவில்லை.

பேச்சிமுத்து படித்தான்.

"காவலாளி நாறும்பூநாதன், சைரன் பெட்டியின் சாவியைச் சோதனை நிலையில் வைத்துவிட்டு உறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று நேரில் ஆராய்ந்து உறுதி செய்கிறேன். இப்படிக்கு..." நிறுத்தினான். "இப்படிக்குக்குக் கீழ உங்க பேரு. அடிச்சே வச்சுட்டாரு உங்க தம்பி. நாலு மணிக்கு எஸ்.ஐ. ஜீப்புல வருதாராம். கையெழுத்தான காயிதம் ஒரு கையில, நாறும்பூநாதன் அண்ணாச்சி இன்னொரு கையில. சோலி முடிஞ்சுது."

"நேரில் ஆராய்ந்துன்னு போட்டிருக்கானோன்னோ. ஆராயத்தானே போறோம்."

"அவரு கையெழுத்துக்கு ஆராயச் சொல்லுதாரு. நீங்க ஆராஞ்சுட்டுக் கையெழுத்துங்கீய."

ஹரிஹரசுப்பிரமணியன் போலீஸ் எடுத்த குறிப்பின் நகலைப் பிரித்தார்.

"இதைக் கேளு. வெள்ளம் எத்தனை மணிக்கு வந்தது? நாறும்பூநாதன் சொல்றது, ரெண்டு அஞ்சு. அறைச் சுவர்க் கடிகாரத்தைப் பாத்தேங்கறான். தங்கபுஷ்பத்தோட புருஷன் சொல்றது, ரெண்டு இருபத்தஞ்சு. கைக்கடிகாரம். இருபது நிமிஷம் வித்தியாசம்."

"தூங்கி முழிச்சவனுக்கு மணி எப்படித் தெரியும், வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாமுன்னு எஸ்.ஐ. எழுதியிருக்காரு."

"ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்னு எழுதியிருக்கார். அவ்வளவுதான் தெரியறது அவருக்கு."

"உங்களுக்கு?"

"இறங்கு. ஸ்டாப் வந்துடுத்து."

*

சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தருவி ரோட்டிலிருந்து எஸ்டேட் பாதையில் ஏறியபோது மணி மூன்று. எண்பத்தாறாம் வருஷத்து சீசன் கடைசி வாரம். எண்ணெய் தேய்த்த முதுகுகளும் ஈரத் துண்டுகளுமாகக் கூட்டம் எதிரே வந்தது. மேலே மலை முழுக்கக் கருத்திருந்தது.

காவல் அறை அருவிக்கு நேர் எதிரே, கல் படிகளுக்கு மேலே இருந்தது. வாசலில் நின்றிருந்த நாறும்பூநாதன் வணங்கினார். ஒல்லியான மனிதர். ஐந்து நாளாகச் சவரம் செய்யவில்லை. அரைஞாண் கயிற்றில் ஒரு பித்தளைச் சாவி தொங்கியது.

"சாவி உம்மகிட்டதானே இருக்கும்?" என்றார் ஹரிஹரசுப்பிரமணியன்.

"குளிக்கும்போதுகூட அவுக்கமாட்டேன் சார்."

"அன்னிக்கு என்ன நடந்தது?"

"லைட்டு எரிஞ்சுது. சத்தம் வரல. ஓடினேன். பாதிப் பேரை இழுத்து விட்டேன். அந்தத் தாயி கடைசியில நின்னா."

"சாவி எந்தப் பக்கம் இருந்தது?"

"ஓட்டத்துல சார், சோதனையில இல்ல. மீனாச்சியறிய ஓட்டத்துல."

உள்ளேயிருந்து வேதா வந்தாள். கண்ணாடி, பருத்திப் புடவை, இடது கையில் ஸ்குரு டிரைவர். பெரியப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்து உடனே இறுகியது.

"பெரியப்பா, அந்த நிலைமை எப்ப வரும்னா, சாவி சோதனைப் பக்கம் இருந்தா மட்டும்தான் வரும். விளக்கு எரியும், சைரன் ஊதாது. ஜனங்க பயந்துடக் கூடாதுன்னு நான்தான் அப்படி வச்சேன். நீங்களே பாருங்கோ."

நாறும்பூநாதனிடம் சாவியை வாங்கினாள். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் சிவப்பு விளக்கு, எண் காட்டும் சின்னக் கண்ணாடி, ஒரு பொத்தான், ஒரு சாவித் துவாரம். சாவியைச் சோதனைக்குத் திருப்பிப் பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. சாவியை ஓட்டத்துக்குத் திருப்பி மறுபடி அமுக்கினாள். கூரை மேலிருந்து சைரன் வீறிட்டது. கீழே குளித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாறும்பூநாதன் வாசலில் நின்று கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று காட்டினார்.

"தினம் காலம்பற ஆறு மணிக்கு இவர் இதே மாதிரி பாக்கணும். பாத்திருக்கார். ஊதியிருக்கு. விபத்து நடந்து அரை மணியில எஸ்.ஐ. வந்து பாத்தார். ஊதித்து. நேத்திக்கு நான் பாத்தேன். ஊதித்து. எத்தனை தரம் சோதிச்சாலும் ஊதற சைரன், அன்னிக்கு மட்டும் ஏன் ஊதலை? மெஷின் தூங்காது பெரியப்பா."

பேச்சிமுத்து நாறும்பூநாதன் காதருகே சொன்னான். "அண்ணாச்சி, சாச்சிக்கூண்டுல மெஷினும் நீரும் நின்னா, மெஷினுக்குத்தான் ஜாமீன் கெடைக்கும் போல."

ஹரிஹரசுப்பிரமணியன் பெட்டியைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டக் கடிகாரம். அடியிலிருந்து ஒரு வயர் இறங்கிச் சுவிட்ச் போர்டுக்குப் போயிற்று.

"இது கரண்ட்ல ஓடறதா?"

"ஆமா சார். முதலாளி பம்பாயில வாங்கினது," என்றார் நாறும்பூநாதன்.

"கரண்ட் போனா?"

"நிக்கும். வந்தா விட்ட இடத்துலருந்து ஓடும். நான் காலையில ஆறு மணி ஊர்ச் சங்குக்குத் திருப்பி வச்சிருவேன்."

ஹரிஹரசுப்பிரமணியன் ஒரு விரலை உயர்த்தினார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கரண்ட் போச்சா?"

"போச்சு சார். ஒண்ணரை மணிக்கு மேல. காத்துல கம்பி ஒரசி இந்த சீசன்ல தினம் போவுது. கரண்டு இல்லன்னா ஆளைக் குளிக்க விடக் கூடாதுன்னு உத்தரவு. சங்கிலி போட்டுட்டேன். வந்தவாட்டி சங்கிலியை அவுத்து விட்டேன்."

"எவ்வளவு நேரம் போச்சு?"

"ஒரு இருவது நிமிசம் இருக்கும்."

பேச்சிமுத்து மெல்ல விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்தான்.

"ரெண்டு அஞ்சும் நிஜம், ரெண்டு இருபத்தஞ்சும் நிஜம்," என்றார் ஹரிஹரசுப்பிரமணியன். "தூங்கினது இவர் இல்லை. கடிகாரம். இருபது நிமிஷம் தூங்கித்து."

வேதா தோளைக் குலுக்கினாள். "இருக்கட்டும் பெரியப்பா. கரண்ட் போச்சு, வந்துது. வெள்ளம் வரச்சே கரண்ட் இருந்துதே. விளக்கு எரிஞ்சுதுன்னு அவரே சொல்றாரே."

அவள் சொன்னது சரிதான். அவருக்கும் அது தெரிந்தது. நாறும்பூநாதன் மணியில் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்தாயிற்று. சாவியில் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு துரும்பும் இல்லை. மணி மூன்று இருபது. காகிதம் பையில் உறுத்தியது.

அப்போது கடிகாரத்தின் நொடி முள் நின்றது. டியூப் லைட் அணைந்தது.

நாறும்பூநாதன் படிகளில் தடதடவென்று இறங்கினார். "எல்லாரும் வெளிய வாங்க. கரண்டு இல்ல, வெளிய வாங்க." சங்கிலி போடும் சத்தம் மேலே கேட்டது. உறங்குகிற ஆள் இப்படி ஓடமாட்டான் என்று ஹரிஹரசுப்பிரமணியனுக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதெல்லாம் சாட்சி ஆகாது.

*

பத்து நிமிஷம் கழித்து கரண்ட் வந்தது. வேதாவின் கை சாவிக்குப் போயிற்று.

"தொடாதே," என்றார்.

"ஒரு தரம் சரிபாத்துடறேன் பெரியப்பா."

"ஞாயித்துக்கிழமை கரண்ட் வந்தப்போ யாராவது சரிபாத்தாளா? இல்லை. அன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கட்டும்."

பெட்டியின் கண்ணாடியில் ஓர் எண் மின்னி நின்றது. 7.

"இது என்ன ஏழு?"

"பெட்டிக்குள்ள எட்டு இடம் இருக்கு. எத்தனை இடத்துல கார்டு இருக்குன்னு கரண்ட் வந்த உடனே எண்ணிச் சொல்லும்."

"கதவைத் திற."

அவள் ஸ்குருவைக் கழற்றினாள். உள்ளே பச்சை அட்டைகள் வரிசையாகச் செருகியிருந்தன. அவர் விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மற்ற மூன்று இடங்களும் வெறுமை.

"அஞ்சுதானே இருக்கு?"

"ஈரம் பெரியப்பா. மழைக் காலத்துல எண் கூடக் காட்டும், வெயில்ல சரியாயிடும். அதுக்கும் சைரனுக்கும் சம்பந்தம் இல்லை."

"எங்க தெரு ரேஷன் கார்டுலயும் இப்படித்தாம் சார்," என்றான் பேச்சிமுத்து. "போய்ச் சேந்த ரெண்டு பேரு மாசா மாசம் சீனி வாங்குதாவ."

"இல்லாதவா ரெண்டு பேர் ஆஜர் சொல்லியிருக்கா. எப்படிக் கூப்பிடறது உன் மெஷின்?"

வேதாவின் முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

"அதுதான் பெரியப்பா இதுல இருக்கற அழகே. ஒவ்வொரு கார்டையும் ஓட்டறதுக்குப் புரோகிராம்ல ஒரு துண்டு உண்டு. டிரைவர்னு பேர். மத்தவாள்லாம் எந்தக் கார்டு எங்க இருக்குன்னு டிரைவருக்குள்ள எழுதி வச்சுடுவா. கார்டு மாறினா புரோகிராம் பூராவையும் மாத்தணும். என்னோடது அப்படி இல்லை. கரண்ட் வந்ததும் அதுவே ஒவ்வொரு இடமாப் போய்த் தேடும். எண்பத்தஞ்சுன்னு ஒரு எண்ணை அங்க எழுதும். உடனே திருப்பிப் படிக்கும். அதே எண் வந்தா ஆள் இருக்கு. வரலைன்னா காலி. போன மாசம் இடி விழுந்து சைரன் கார்டு கருகிப் போச்சு. மெட்ராஸ்லேருந்து வேற மாடல் வரவழைச்சுச் செருகினேன். புரோகிராம்ல ஒரு எழுத்து மாத்தலை. அதுவே கண்டுபிடிச்சுண்டுது."

"அப்ப டிரைவரு கண்ணை மூடிட்டு எல்லாக் கதவையும் தட்டுவாரு, யாரு தொறக்காவன்னு பாப்பாரு," என்றான் பேச்சிமுத்து.

"தட்டறது மட்டும்தான். சும்மா கேட்டுப் பாக்கறது. அதனால ஒரு கெடுதலும் இல்லை."

"சும்மா கேட்டுப் பாத்தேன்னுதாம்மா நானும் சொன்னேன். கண்டக்டரு ஒத்துக்கிடலையே." பேச்சிமுத்து சட்டைப் பையைத் தட்டினான். "விசிலு இருக்கான்னு ஊதித்தான் பாத்தேன். பஸ்ஸு நின்னுட்டு."

ஹரிஹரசுப்பிரமணியன் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தார். கீழே சங்கிலி அவிழும் சத்தம் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது, உத்தரவுப்படி நாறும்பூநாதன் ஆட்களை உள்ளே விடுகிறார்.

"வேதா," என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. "புதுக் கார்டுல எண்பத்தஞ்சுன்னு எழுதினா என்ன அர்த்தம்?"

"அர்த்தம்னா?"

"உனக்கு அது கேள்வி. அந்தக் கார்டுக்கு அது உத்தரவா இருந்தா?"

அவள் கண் பெட்டிக் கதவுக்குப் போயிற்று. "கார்டோட ஒரு புஸ்தகம் வந்துது."

"எங்கே?"

பெட்டிக் கதவின் உள்பக்கம், ஒரு பையில் செருகியிருந்தது. பாலிதீன் உறை பிரிக்காமலே இருந்தது.

"பேச்சி, கீழே போ. ஒருத்தரையும் தண்ணிக்குள்ள விடாதே."

பேச்சிமுத்து வாசலைத் தாண்டுவதற்குள் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். சாவி ஓட்டத்தில் இருந்தது. விளக்கு ரத்தமாக எரிந்தது. கூரையில் சத்தமே இல்லை. கீழே பதினைந்து இருபது பேர் அருவிக்கடியில் தலையைக் கொடுத்து நின்றார்கள்.

பேச்சிமுத்து விசிலை வாயில் வைத்தான்.

ஒற்றை விசில். நீண்டு, காதைத் துளைத்து, அருவி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போயிற்று. மூச்சு முடிந்தால் திரும்பவும். படிகளில் இரண்டிரண்டாகத் தாவியபடியே ஊதினான். தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எவனுக்கும் அந்த ஒற்றை விசிலின் பொருள் தெரியும். குளித்தவர்கள் அப்படியே நின்றார்கள். தலையைத் திருப்பினார்கள். அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. நாறும்பூநாதன் கைகளை விரித்துக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்திருந்தார். "மேல ஏறுங்க. ஏலே துண்டை விடுலே, ஏறு. அம்மா, பிள்ளைய எங்கிட்டக் குடு."

மேலே வேதா சாவியைத் திருப்பினாள். சோதனைக்கு ஒரு முறை, மறுபடி ஓட்டத்துக்கு. உடனே கூரை வீறிட்டது. ஹரிஹரசுப்பிரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடியில் அருவி நிறம் மாறியது. வெள்ளை பழுப்பாயிற்று, பழுப்பு செம்மண்ணாயிற்று. ஒரு முழு மரக்கிளை உச்சியிலிருந்து குப்புற விழுந்து, ஆட்கள் நின்ற பாறையில் மோதி இரண்டாக முறிந்தது.

பாறையில் ஒருவரும் இல்லை.

*

புத்தகத்தைப் பிரித்தது வேதாதான். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். சத்தமாகப் படிக்கவில்லை. படித்துவிட்டுப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லு," என்றார்.

"புதுக் கார்டுல அந்த இடத்துல எழுதற எண், எட்டு சுவிட்சைப் போடற மாதிரி. எண்பத்தஞ்சுன்னா ஒண்ணு விட்டு ஒண்ணு, நாலு சுவிட்ச் விழும்." பக்கத்தில் ஒரு வரியை விரலால் காட்டினாள். "முதல் சுவிட்ச், சோதனை நிலை. சைரனைத் துண்டிக்கும். சாவியை ஒரு தரம் திருப்பி எடுத்தாத்தான் விலகும்."

நனைந்து வந்து நின்ற பேச்சிமுத்து விரல்விட்டு எண்ணினான். "அப்பம் கரண்டு வரும்போதெல்லாம் மெஷினு கார்டுகிட்டப் போயி, இருக்கியான்னு கேக்கும். அது கேக்கதே, வாயை மூடுன்னு சொல்லுத மாதிரி. அதுவும் சரின்னு மூடிக்கிடும். பொறவு யாராவது வந்து சாவியைத் திருப்பிச் சோதிச்சா வாயைத் தொறந்துக்கிடும். சோதிக்க வந்தவன் பூராவும் தடயத்தை அழிச்சுட்டுல்லா போயிருக்கான்."

"எஸ்.ஐ.யும் சேர்த்து," என்றார் ஹரிஹரசுப்பிரமணியன். "அந்த ரெண்டு ஆவிகள்?"

"காலி இடத்துல எழுதின எண் ஒரு கணம் கம்பியிலேயே தங்கியிருக்கும். உடனே படிச்சா நம்ம எண்ணே நமக்குத் திரும்பி வரும். ஈரத்துல இன்னும் கொஞ்சம் கூடத் தங்கும்." வேதா காலி இடங்களைப் பார்த்தாள். "என் குரல்தான் பெரியப்பா. மலைகிட்டப் பேசிட்டு, மலை பதில் சொல்லித்துன்னு நினைச்சுண்டிருக்கேன். ஏழுன்னு காட்டினப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

அவர் அவளைத் தேற்றவில்லை. அந்த வீட்டில் அந்த வழக்கம் இல்லை. "எப்படிச் செய்திருக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

"தட்டிப் பாக்கவே கூடாது. இந்த மாதிரிப் பெட்டியில கார்டு தன் பேரைத் தானே சொல்லாது. எந்த இடத்துல எந்தக் கார்டு, அதுகிட்ட எப்படிப் பேசணும்னு செருகினவாதான் எழுதி வைக்கணும். ஆனா டிரைவருக்குள்ள எழுதக் கூடாது. தனியா ஒரு சிப்புல பட்டியல். டிரைவர் அதை வாசிச்சுட்டு, பேர் இருக்கற இடத்துக்கு மட்டும்தான் போகணும். கார்டு மாறினா பட்டியல் மட்டும் மாறும்."

"பட்டியலை மாத்த மறந்துட்டா?"

"அதனாலதான் தேடற வழியை எடுத்தேன். பட்டியலை யார் ஒழுங்கா எழுதப் போறான்னு." தலையைக் குனிந்தாள். "நான் எழுதியிருக்கணும். புஸ்தகத்தைப் பிரிச்சிருந்தா எழுதியிருப்பேன்."

மணி மூன்று ஐம்பது. கீழே எங்கோ ஜீப் கியர் மாற்றி ஏறும் சத்தம்.

ஹரிஹரசுப்பிரமணியன் பையிலிருந்து தம்பியின் காகிதத்தை எடுத்தார். கீழே அடித்திருந்த தன் பெயரை ஒரு முறை பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். வெறும் பக்கம். பேனாவைத் திறந்து நின்றபடியே எழுத ஆரம்பித்தார். நேர் நேராக எழுத்து, ஒரு அடித்தல் இல்லை. வேதா எட்டிப் பார்த்தாள். புரோகிராமில் பிழை என்ற வரிக்கு எதிரே அவள் பெயர் இருந்தது.

"அப்பா தாங்கமாட்டார் பெரியப்பா."

"தாங்கித்தான் ஆகணும். பழியை இன்னொருத்தன் முதுகுல ஏத்திவிட்டு நிமிர்ந்து நடக்கற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது."

"அப்போ பேனாவை இங்க குடுங்கோ. புரோகிராம் எழுதினது நான்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பேனாவை வாங்கி வேதா கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே அவர் போட்டார்.

நாறும்பூநாதன் படியேறி வாசலுக்கு வந்தபோது ஜீப்பும் வந்து நின்றது. முழுக்க நனைந்திருந்தார். யாருடைய குழந்தையின் செருப்போ ஒன்று அவர் கையில் இருந்தது. எஸ்.ஐ. இறங்கி நேராக வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஸ்டேஷனுக்கு நட."

"கையை எடுங்கோ," என்றார் ஹரிஹரசுப்பிரமணியன்.

எஸ்.ஐ. திகைத்தார். பழைய மேலதிகாரியின் குரல். கை தானாக இறங்கியது.

"தொட்டுப் பாத்துக் கண்டுபிடிச்ச வரைக்கும் போதும். ஒரு பொண்ணு இடுப்பொடிஞ்சு கிடக்கா." காகிதத்தை நீட்டினார். "யார் யார் எந்த இடத்துலன்னு எழுதியிருக்கேன். படிச்சுட்டு அப்புறம் ஆள் தேடுங்கோ."

எஸ்.ஐ. படித்தார். பாதியில் நிமிர்ந்தார். மறுபடி படித்தார்.

"சார், இது உங்க வீட்டுப் பேருல்லா."

"ஆமா," என்றார் ஹரிஹரசுப்பிரமணியன். "விலாசம் கீழே இருக்கு."